மிளாவின் நாலாவது கால்

ஈச்சங்கரட்டில் ஆண் பெண், பெரிசு சிறிசு என்ற பேதமில்லாமல் எல்லாருக்கும் பொழுது சாயும் நேரத்தில் இடது கால் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல் போனதற்குக் காரணம், கறியை அவசரப்பட்டுப் பங்கு போட்டதுதான். இதில் ஊருக்குள் இரண்டு கருத்துக் கிடையாது. யாரும் வைத்தியரிடம் போகவில்லை, விபூதி மந்திரிக்கவும் போகவில்லை. தப்பு எங்கே நடந்தது என்று தெரிந்த பிறகு வைத்தியர் வந்து என்ன செய்யப்போகிறார் என்று இருந்துவிட்டார்கள்.

அந்த ஊரில் வேட்டையில் விழுந்த எந்த உருப்படிக்கும், அது முயலாக இருந்தாலும் பன்றியாக இருந்தாலும், முதலில் கண்ணை மூட வேண்டும். அது காசிமாயன் வீட்டு வேலை. அவன் அப்பன் மூடினான், அப்பனுக்கு அப்பன் மூடினான், இப்போது இவன் மூடுகிறான். குத்தியவன் ஒதுங்கி நிற்க, நாய்களைப் பிடித்துக் கட்டிவிட்டு, காசிமாயன் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, வலது உள்ளங்கையை அதன் கண்மேல் வைத்து, இமை தானாக இறங்கும்வரை எடுக்காமல் வைத்திருப்பான். அதற்குப் பிறகுதான் கத்தி. பிறகு கறியை வீட்டுக்கு ஒரு கூறாகத் தேக்கிலையில் வைத்து, காவல் கருப்பின் வேலுக்கு முன்னால் பரப்பி, பெயர் சொல்லிக் கூப்பிடக் கூப்பிட வந்து எடுத்துப் போவார்கள். கண் மூடுகிறவன் மட்டும் அந்தக் கறியைத் தின்னக்கூடாது, கூற்றைக் கையால் தொடவும் கூடாது. அவன் வீட்டுக் கூறு அவன் பெண்டாட்டிக்கு. காசிமாயன் கரட்டுக் கறியின் ருசி அறியாமலே நாற்பது வயதைத் தாண்டிவிட்டான், ஆனால் கொதிக்கிற வாசனையை வைத்தே உப்புப் போதுமா போதாதா என்று சொல்லிவிடுவான் என்று வெள்ளத்தாய் தெருவெல்லாம் பீற்றிக்கொள்வாள்.

வெள்ளத்தாய் அவன் பெண்டாட்டி. சின்னப் பிள்ளையில் வந்த ஒரு காய்ச்சல் போகும்போது அவளுடைய இடது காலையும் எடுத்துக்கொண்டு போயிருந்தது. மூங்கில் கழியை ஊன்றி, அந்தக் காலை ஒரு மூட்டையைப் போல இழுத்துக்கொண்டு, அடுப்படிக்கும் கொல்லைக்கும் குழாயடிக்கும் போய்வருவாள். வாய்க்கு மட்டும் ஒரு ஊனமும் இல்லை. ரெண்டு காலும் நல்லா இருக்கிறவளைக் கட்டியிருந்தால் இந்த மனுஷனை விட்டுவிட்டு எப்போதோ ஓடியிருப்பாள், அதைத் தெரிந்துதான் என்னைக் கட்டினார் என்று அவன் முன்னாலேயே சொல்வாள். காசிமாயன் சிரித்துக்கொள்வான். வீட்டுக்குப் பின்னாலேயே கரடு தொடங்குகிறது, ஆனால் அதில் ஒரு பாறை ஏறிப் பார்த்தவளில்லை அவள். மேலே இருக்கிற சுனையைப் பற்றி அவன் சொல்லக் கேட்டதோடு சரி.

அந்த வருஷம் ஐப்பசி மழையும் பொய்த்து, கார்த்திகை மழையும் பொய்த்து, கம்மங்கொல்லையில் கதிருக்குப் பதில் காற்று விளைந்து, கரட்டுக்குப் போனவர்களெல்லாம் கையை வீசிக்கொண்டு திரும்பிவந்த சமயத்தில், ஓடைக்கரையில் மிளா மானுக்குக் கட்டியிருந்த சுருக்குக் கம்பி ஒரு நாள் காலையில் இழுபட்டுக் கிடந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் மிளா இல்லை, மிளாவின் கால் மட்டும் இருந்தது. இடது முன்னங்கால், தோள் சப்பையோடு முழுசாக. நாம் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் போவதுபோல, அது தன் காலைக் கழற்றிச் சுருக்கில் மாட்டிவிட்டுப் போயிருந்தது. ரத்தம் ஒரு பொட்டும் இல்லை. மணலில் மூன்று குளம்பின் தடம் மேற்கே ஏறியிருந்தது, அதுவும் பதறி ஓடிய தடமாக இல்லை, வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களின் தடமாக இருந்தது.

இதில் யாருக்கும் பெரிய ஆச்சரியம் வந்துவிடவில்லை. காட்டில் ஊனம் என்பது புதிதா என்ன? முன்னங்கால் ஒன்று இல்லாமலே நாய்களுக்கு மூச்சு வாங்க வைத்த முயலை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பின்னங்கால் ஒடிந்து கோணலாகக் கூடிப்போன பன்றி ஒன்று ஏழெட்டுக் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு கடலைக்காட்டைக் காலி செய்ததைப் பார்த்திருக்கிறார்கள். ஒரு கையை எங்கோ தொலைத்துவிட்ட கரடி மீதிக் கையால் புற்றைச் சாவகாசமாக உடைத்துத் தின்றதை ஊர்த்தலைவர் சங்கிலியே பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டது எதிரே வந்தால் வேல்கம்பைத் தாழ்த்தி, நான் இங்கே நிற்கிறேன் என்று அதற்குத் தெரியும்படி ஒரு தடவை இருமிவிட்டு, வழிவிட்டு ஒதுங்கிப்போவது அந்த ஊர் ஆட்களின் பழக்கம். ஒரு தடவை சாவை ஏமாற்றிவிட்டு வந்ததை மறுபடி எதற்குத் தொந்தரவு செய்ய வேண்டும் என்பார்கள். ஆனால் இங்கே எதிரே வந்தது மிளா இல்லை, அதன் கால். காலுக்கு என்ன பழக்கம் என்று யாருக்கும் தெரியவில்லை.

ஊருக்குப் பசி. காலைச் சுமந்துவந்து வேலுக்கு முன்னால் கிடத்தி, காசிமாயனைப் பார்த்தார்கள்.

“கண்ணு இல்லாததுக்கு எப்படிச் சித்தப்பா மூடுறது? கண்ணு அங்குட்டு உசுரோட மேய்ஞ்சுக்கிட்டிருக்கு” என்றான் காசிமாயன்.

சங்கிலி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். “கண்ணு மேய்ஞ்சா மேயட்டும்ப்பா. காலு வந்திருக்குல்ல. பிள்ளைக கறியப் பாத்து எம்புட்டு நாளாச்சு. சும்மா பேருக்குக் கைய வச்சு எடு.”

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. காசிமாயன் குத்தவைத்து உட்கார்ந்து, வைப்பதற்கு வேறு இடம் தெரியாமல், காலின் முட்டியில் உள்ளங்கையை வைத்தான். முட்டி வெதுவெதுப்பாக இருந்தது. வெயில் சூடு என்று நினைத்துக்கொண்டான். உள்ளே ஏதோ ஒரு நரம்பு அசைந்து அடங்கியதுபோல இருந்தது, அதைத் தன் கை நடுக்கம் என்று நினைத்துக்கொண்டான். அப்படி நினைத்ததுதான் அவன் செய்த பிசகு, அவனுக்கும் அது அப்போதே கொஞ்சம் தெரியும்.

ஒரு காலை ஊருக்கே பங்கு வைத்தால் வீட்டுக்கு என்ன வரும்? கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துண்டு வந்தது. வாசனை பிடித்துக்கொண்டு விசாரணைக்கு வந்த காட்டிலாகா கார்டுக்கு ஒரு துண்டு, சாயங்கால மினிபஸ்ஸை நிறுத்தி எட்டிப்பார்த்த டிரைவருக்கு ஒரு துண்டு. துண்டு சிறிசு என்பதால் ஒவ்வொரு வீட்டிலும் குழம்பைப் பெரிசாக வைத்து, கடைசிச் சொட்டுவரை வழித்துத் தின்றார்கள். வெள்ளத்தாய் தன் வீட்டுத் துண்டைத் தனியாகத் தின்று முடித்துவிட்டு, என்ன மாமா இது, தொண்டையைத் தாண்டினதும் இறங்காமல் நடந்து போகிறது என்றாள்.

மறுநாள் பொழுது சாய்ந்தபோது ஊரில் எல்லாருடைய இடது காலும் எழுந்துகொண்டது.

உட்கார்ந்திருந்தவர்களின் கால் எழுந்து நிற்கப் பார்த்தது, நின்றவர்களின் கால் மேற்கே திரும்பியது, திரும்பி ஒரு அடி வைத்தது, கொஞ்சம் நின்றது, மறுபடி ஒரு அடி வைத்தது. வலது கால் நின்ற இடத்திலேயே நிற்க, ஊர் முழுக்கத் தன்னைத்தானே சுற்றிவந்தது. மிளா தண்ணீருக்குப் போகிற நேரம் அது. தண்ணீர் குடித்து முடித்து அது எங்கோ படுத்ததும் கால்கள் அவரவரிடம் திரும்பிவந்தன. முதல் நாள் அழுதவர்கள் உண்டு. இரண்டாம் நாள் சிரித்தவர்கள் உண்டு. அந்த வாரக் கடைசிக்குள் எல்லாரும் அதை ஒரு சோலியாக எடுத்துக்கொண்டார்கள், இந்த ஊர் இதைவிட எத்தனையோ பார்த்திருக்கிறது.

பொழுது சாய்வதற்கு முன்பே உலையிறக்கப் பெண்கள் பழகிக்கொண்டார்கள். மினிபஸ் டிரைவருக்கு அந்த நேரத்தில் கிளட்ச்சை மிதிக்கக் கால் இல்லாமல் போனதால் கடைசி டிரிப் ரத்தானது, டவுனுக்குப் போனவர்கள் நாலு மணிக்கே திரும்பினார்கள், அதனால் வீட்டில் சண்டை குறைந்தது. குடித்தவன் யார் குடிக்காதவன் யார் என்று அந்த ஒரு மணிநேரம் யாராலும் சொல்ல முடியவில்லை. மாசி முகூர்த்தத்தில் மேலத்தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பெண்ணுக்கு முந்தின நாளே சம்பந்தி வீட்டுப் பழக்கமாகக் குழம்பு ஊற்றிவிட்டிருந்தார்கள், அது அந்தக் கறி கொதித்த பழைய சட்டியில் வைத்த குழம்பு, அவள் வாசலில் வலது காலை எடுத்து வைக்கக் காத்திருக்க இடது கால் முந்திக்கொண்டு உள்ளே போய்விட்டது. மாமியார்கூட அதில் குற்றம் பார்க்கவில்லை. கேஸ் எழுத வந்த கார்டு, இவர்களைப் பிடித்துக் கொடுத்தால் தன் காலுக்கு யார் பதில் சொல்வது என்று யோசித்து, சாயங்காலங்களில் வந்து ஊர்க்காரர்களோடு ஓடைத் தண்ணீரில் காலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். தண்ணீரில் போட்டால் கால் கொஞ்சம் சாந்தமாக இருந்தது. இரவில் எல்லாருக்கும் புல் கனவு வந்தது. பச்சைப் புல், பனி இறங்கிய புல், காதுவரை வளர்ந்த புல். பஞ்ச காலத்தில் அப்படியொரு கனவு வந்ததைப் பெரிய உபகாரமாகவே நினைத்தார்கள்.

சிலருக்கு மட்டும் பொறுமை இல்லை. பொழுது சாய்கிறபோது கட்டில் காலோடு தன் காலைச் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்துவிட்டார்கள். சங்கிலியும் அதில் ஒருவர்.

வெள்ளத்தாய்க்கு நடந்தது வேறு. மற்றவர்களிடமிருந்து நல்ல காலை மிளா இரவல் வாங்கியது, இவளுக்கு இல்லாத காலைக் கொண்டுவந்து கொடுத்தது. அந்த முதல் சாயங்காலம் கொல்லையில் நின்றவளின் மூட்டைக் கால் தரையை விட்டு எழும்பியது. தயங்கியது. ஊன்றியது. அவள் பாரம் முழுக்க அதன்மேல் ஏறியும் அது மடங்கவில்லை. கழியை அப்படியே வேலியில் சாய்த்துவிட்டு வலது காலை எடுத்து முன்னால் வைத்தாள். உள்ளேயிருந்து காசிமாயன் வந்து பார்த்தபோது அவள் கரட்டின் முதல் பாறையைத் தாண்டிக்கொண்டிருந்தாள், திரும்பிப் பார்க்காமல், சத்தமில்லாமல் அழுதுகொண்டு.

அவனுக்கும் அழுகை வந்தது. வராமல் எப்படி இருக்கும். பின்னாலேயே ஏறினான். சுனைக்குக் கொஞ்சம் கீழே போனபோது மேலே புதருக்குள் மிளாவின் சீறல் கேட்டது, அடுத்த கணம் வெள்ளத்தாயின் இடது கால் அவளை இழுத்துக்கொண்டு பறந்தது, வலது கால் ஈடுகொடுக்க முடியாமல் அவள் குப்புற விழுந்தாள். முழங்கை உரிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னாள், உன் கை வாடை மாமா, எத்தனை கண்ணை மூடின கை, அது எப்படி நிற்கும், நாளையிலிருந்து நீ வராதே. அவன் கையை முகர்ந்து பார்த்தான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அன்றிலிருந்து அவள் தினமும் தனியாக ஏறினாள். ஏறும்போது வீசி நடந்து போவாள், மிளா படுத்ததும் கால் செத்துவிடும், பாறைக்குப் பாறை கையூன்றி, ஒடித்த கிளையை ஊன்றி, இருட்டு கூடுவதற்குள் இறங்கிவருவாள். வந்து கதை சொல்வாள். சுனையின் தெற்குப் பக்கம் ஒரு பாறை குளிர்ந்தே இருக்கிறது என்பாள், அத்தி மரத்தில் பழம் விட்டிருக்கிறது என்பாள், இருபது வருஷமாக அவன் போய்வருகிற இடத்தை அவனுக்கே சொல்வாள். ஊர் முழுக்க ஒரு கால் அசைகிற அந்த நேரத்தில் அசையாத இரண்டு கால்களோடு இருந்தவன் அவன் ஒருத்தன்தான். எல்லாரும் புல்லைக் கனவு காண, அவன் அரிசியைக் கனவு கண்டான். பொறாமை என்றால் பொறாமைதான், அவன் அதை மறைக்கவும் இல்லை. அவளிடமே சொன்னான். பொறாமைப்பட ஒரு காலம் வந்ததே என்று அவள் அவன் தலையைக் கோதிவிட்டாள்.

பங்குனியில் செந்நாய்கள் வந்தன.

அன்று வெயில் முழுக்க இறங்கவில்லை. திடீரென்று ஊரில் எல்லா இடது காலும் ஒரே சமயத்தில் உதைத்துக்கொண்டது. மெதுவாக அடி வைக்கிற கால் இல்லை அது, பறக்கிற கால். ஓடையில் உட்கார்ந்திருந்தவர்கள் தண்ணீரில் கவிழ்ந்தார்கள், பால் கறந்துகொண்டிருந்தவள் செம்போடு உருண்டாள், எல்லாருடைய நெஞ்சிலும் தங்களுடையதல்லாத ஒரு மூச்சு இரைத்தது. பின்னால் ஏதோ வருகிறது என்று ஊருக்கே தெரிந்தது. திரும்பிப் பார்க்கத்தான் முடியவில்லை. அப்போது எல்லாருடைய காலும் ஒரு தடவை இடறியது. மறுபடி இடறியது. வெள்ளத்தாய் தெருவில் விழுந்து எழுந்து ஓடிவந்துகொண்டிருந்தாள், அவளுக்குத்தான் அது புரிந்தது.

“கட்டுன காலையெல்லாம் அவுத்துவிடுங்க. நீங்க கட்டிப்போட்டுக்கிட்டா அது எப்படி ஓடும்?”

அவிழ்க்க நேரமில்லாத இடத்தில் அரிவாளால் கயிற்றை அறுத்தார்கள். சங்கிலியின் கட்டைக் காசிமாயனே போய் அறுத்துவிட்டான். ஊர் தெருவுக்கு வந்தது. இடது கால் போகிற வேகத்துக்கு வலது காலையும் எடுத்து வைத்தார்கள், கிழவர்கள் ஓடினார்கள், பிள்ளைத்தாய்ச்சி ஓடினாள், சட்டை போடாத கார்டு ஓடினார், கீழத்தெருவிலிருந்து மேலத்தெருவுக்கும் மேலத்தெருவிலிருந்து ஓடைக்கும் ஓடையிலிருந்து கம்மங்கொல்லைக்கும், யாரும் துரத்தாமல், யாரையும் துரத்தாமல், ஒரு கூட்டமாக ஓடினார்கள். ஓடாத இரண்டு கால்களோடு காசிமாயன் நடுத்தெருவில் நின்று பார்த்தான். எவ்வளவு நேரம் ஓடினார்களோ, ஒரு சமயத்தில் கால்கள் தளர்ந்தன, நின்றன, நடுங்கின. பிழைத்துக்கொண்டது என்று யாரோ சொன்னார்கள். பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள், பெற்ற பிள்ளை கிணற்றிலிருந்து மீண்டுவந்ததுபோல.

விடிந்ததும் அழுகை பயமாகிவிட்டது. வேலுக்கு முன்னால் ஊர் கூடியது. சங்கிலி சொன்னதில் நியாயம் இருந்தது. நேற்றுச் செந்நாய் அதைப் பிடித்திருந்தால் கண் திறந்தபடியே செத்திருக்கும். கண் மூடாமல் செத்தால் அதனோடு சேர்த்து ஊர் முழுக்க இடது கால் செத்துப்போகும், அப்புறம் ஏர் பிடிப்பது யார், ஏணி ஏறுவது யார். முறைப்படி விழுத்தி, முறைப்படி மூடினால் பங்கு நேராகிவிடும், அவரவர் கால் அவரவருக்கு வந்துவிடும். ஊனத்தைத் தொடக்கூடாது என்பது பழக்கம்தான், ஆனால் இந்த ஊனம் நம் வயிற்றுக்குள் இருக்கிறது. இந்த ஊரில் இரண்டு காலும் தன் பேச்சைக் கேட்கிறவன் காசிமாயன் ஒருத்தன்தான். அவனே விழுத்தி அவனே மூடட்டும்.

வீட்டுக்கு வந்து காசிமாயன் திண்ணையில் உட்கார்ந்தான். வெள்ளத்தாய் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“மூடிட்டா என் காலு என்னாகும் மாமா?”

“ஒன் காலு ஒனக்கு வந்துரும்.”

“வந்து?” என்றாள் அவள்.

அவன் எழுந்துபோய் வேல்கம்பை எடுத்துத் தீட்டினான். தீட்டும்போது அவனுக்குள் ஒரு மூலையில் சந்தோஷம் இருந்தது. பொழுது சாய்ந்தால் இனி அவள் வீட்டில் இருப்பாள், பழையபடி வாயடிப்பாள், கதை சொல்ல எங்கும் போகமாட்டாள். அந்தச் சந்தோஷம் தெரிந்ததும் இன்னும் அழுத்தித் தீட்டினான்.

கை வாடை தெரியாமலிருக்க உண்ணிச்செடி இலையைக் கசக்கி இரண்டு கையிலும் தேய்த்துக்கொண்டு, வெயில் இருக்கும்போதே ஏறி, சுனைக்கு மேலே காற்றுக்கு எதிர்ப்பக்கம் பாறையிடுக்கில் ஒடுங்கி உட்கார்ந்தான். வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகிற நேரத்தில் மிளா வந்தது. பெண் மிளா. கால் இருந்த இடத்தில் ரோமம் மூடிச் சுழித்திருந்தது, காயம் என்று ஒன்று இருந்த அடையாளமே இல்லை. நல்ல சதைப்பிடிப்பு. மூன்று காலில் நடந்து வந்த அதற்குப் பக்கத்தில், கை தொடுகிற தூரத்தில், வெள்ளத்தாய் நடந்து வந்தாள்.

அவன் வேல்கம்பை ஓங்கித்தான் பிடித்திருந்தான். தோளுக்குப் பின்னால் குறி பிழைக்காத தூரம். ஆனால் தடம் பார்த்தே வளர்ந்த கண் நடையைத்தான் முதலில் பார்க்கும். மிளா ஒவ்வொரு தடவை இடதுபக்கம் சாயும்போதும் அவள் இடது கால் தரையில் ஊன்றியது, ஊன்றியதும் அது நிமிர்ந்தது. அவள் வலது காலில் முள் தைத்தது, நின்று பாறையில் உட்கார்ந்து பிடுங்கினாள், அதுவரை மிளா தண்ணீரைக்கூடப் பார்க்காமல் நின்று காத்திருந்தது. அவள் எழுந்ததும்தான் அதுவும் அடி எடுத்தது. மிளா அவளை நடத்துகிறது என்று இத்தனை நாள் நினைத்திருந்தான். அப்படியில்லை. இவள் நடந்ததால்தான் அது நடந்தது.

வேல்கம்பைத் தாழ்த்தினான். ஒரு தடவை இருமினான்.

மிளா தலையைத் தூக்கிப் பார்த்தது. ஓட நினைத்து, அவள் அசையாமல் நின்றதால் அதுவும் நின்றது. வெள்ளத்தாய் நிமிர்ந்து அவன் இருந்த பாறையைப் பார்த்துப் பேசினாள், சுனைத் தண்ணீரில் சத்தம் பட்டு வந்தது.

“ஊரு பூராம் ஆளுக்கு ஒரு பக்கம் அது காலை இழுக்குது மாமா. ஒருத்தி தண்ணிக்குப் போறா, ஒருத்தன் கட்டிப் போட்டுக்கிறான். அதான் அன்னைக்கு விழுகப் பாத்துச்சு. ஒரே ஆளு நடந்தா விழுகாது.”

அவனுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

ஈச்சங்கரட்டில் பங்கை மாற்றிக் கொடுக்கிற வழக்கம் உண்டு. இழவு விழுந்த வீடு, விரதம் இருக்கிற வீடு தங்கள் கூற்றை வேறு வீட்டுக்கு விடலாம். ஆனால் கொடுக்கிறவன் வாயால் சொன்னால் மட்டும் போதாது, வாங்குகிற வீட்டு ஆம்பளை கருப்புக்கு முன்னால் இலையை ஏந்தி வாங்க வேண்டும். மறுநாள் ஊர் கூடியபோது வெள்ளத்தாய் கழியை ஊன்றிக்கொண்டு நடுவில் போய் நின்று, எல்லாரும் உங்கள் உங்கள் பங்கை எங்கள் வீட்டுக்கு விட்டுவிடுங்கள் என்றாள். முழுக் காலும் ஒரே இடத்தில் சேர்ந்தால் மிளாவும் பிழைக்கும், உங்கள் காலும் உங்களுக்கு வந்துவிடும், யாரும் யாரையும் விழுத்த வேண்டாம் என்றாள்.

சங்கிலிதான் மெதுவாகக் கேட்டார்.

“துண்டு காலு ஒங்கிட்ட இருக்கப்போயி பொழுது சாயத்தான் நடக்குற. முழுசும் வந்துட்டா அது வைக்கிற ஒவ்வொரு அடியும் ஒன் அடித்தான். கோடை முத்துனா அது மலையத் தாண்டி மேகாட்டுக்குப் போயிரும். அங்கயே கெடந்தாலும் கெடக்கும். தெரியும்ல தாயி?”

“தெரியும் சின்ன மாமா.”

“நானும் கூடப் போறேன்” என்றான் காசிமாயன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. வெள்ளத்தாய் அவன் வலது கையைப் பிடித்து, எல்லாரும் பார்க்க, தன் முகத்தில் வைத்துக்கொண்டாள். இந்தக் கை வந்தால் அது நிற்காது என்று தெரிந்ததுதானே, உண்ணியிலை எத்தனை நாளைக்குத் தாங்கும் என்றாள்.

சங்கிலி அவனைப் பார்த்துச் சொன்னார். “முடிவு ஒன்னோடதுப்பா. நீ எலையை ஏந்தலைன்னா மாத்து செல்லாது. நாளைக்குப் போயி முறைப்படி மூடிட்டு வா, ஒருத்தரும் ஒன்னையக் குத்தம் சொல்ல மாட்டோம். ஒன் பொண்டாட்டி ஒன் வீட்டுல இருப்பா.”

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. காசிமாயன் நின்றான். ஊரும் நின்றது. அவன் அவளுடைய காலைப் பார்த்தான், தூசி அப்பிய, ஒரு பிள்ளையின் காலளவுக்குச் சூம்பிப்போன காலை. இதே கால் பாறையில் ஊன்றி நின்றதை நேற்றுப் பார்த்தவன் அவன். பார்க்காமல் இருந்திருந்தால் முடியாது என்று சொல்லியிருப்பான், அது அவனுக்கு நன்றாகத் தெரியும். தேக்கிலை ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினான்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர் வந்து, தின்று தீர்ந்த கறிக்குப் பதிலாக வேலின் அடியிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து இலையில் வைத்து, எங்கள் பங்கு உங்கள் வீட்டுக்கு என்றார்கள். கார்டு வந்து வைத்தார். மினிபஸ் டிரைவர் வைத்தார். புதுப்பெண் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியவர்கள் ஒவ்வொருவரும் இடது காலைத் தரையில் தட்டிப்பார்த்து, சின்ன ஒரு நிம்மதியோடும் அதைவிடக் கொஞ்சம் பெரிய வெட்கத்தோடும் ஒதுங்கி நின்றார்கள். சங்கிலி கடைசியாக வைத்தார். கூற்றைக் கையால் தொடாமலே வாழ்ந்தவன் ஊர்ப் பங்கு மொத்தத்தையும் ஏந்தி நின்றான். அது கனத்தது. இலையை அவளிடம் நீட்டியதும் அவள் அந்த மண்ணை வாரி இடது காலில், தொடையிலிருந்து விரல்வரை, மஞ்சள் பூசுவதுபோலப் பூசிக்கொண்டாள்.

கழியை அங்கேயே போட்டுவிட்டாள். வீட்டுக்குப் போய்த் தலையை வாரி முடிந்துகொண்டு, வேறு சேலை கட்டிக்கொண்டு வந்தாள். நடக்கிற ஒவ்வொரு அடியையும் ஊர் பார்த்தது. மேலே எங்கோ மிளா எழுந்துவிட்டது என்று அவள் காலைப் பார்த்தே தெரிந்தது, நிற்க முடியாமல் அது மேற்கே திரும்பித் திரும்பி நின்றது.

“புளிக்கொழம்பு சட்டியில இருக்கு மாமா. ரெண்டு நாளைக்கு வரும். சுட வச்சு ஊத்திக்க.”

“உப்பு?” என்றான் அவன்.

“சரியா இருக்கு” என்றாள். அவன் சட்டைப் பித்தானில் திறந்து கிடந்த ஒன்றைப் போட்டுவிட்டாள். பிறகு போனாள். கொல்லை வேலியைத் தாண்டி, முதல் பாறையைத் தாண்டி, அடுத்ததைத் தாண்டி, வீசி நடந்து, ஏறி, ஒரு இடத்தில் நின்று திரும்பினாள். அவள் நிற்க விரும்பினாளோ, மிளா அவளுக்காக நின்றதோ. அப்புறம் ஈச்சம் புதர்கள் அசைந்தன, அதற்குமேல் காசிமாயனின் கண்ணுக்கே எதுவும் தெரியவில்லை.

பொழுது நன்றாகச் சாய்ந்தது. எந்தக் காலும் எழுந்துகொள்ளவில்லை. மினிபஸ் டிரைவர் கிளட்ச்சை மிதித்துப் பார்த்துவிட்டு, கடைசி டிரிப்புக்கு ஹாரன் அடித்தார். பிள்ளைகள் தெருவில் இரண்டு காலாலும் ஓடினார்கள். ஒவ்வொருவராக வீட்டைப் பார்த்துப் போனார்கள், அவரவர் கால் அவரவர் பேச்சைக் கேட்டு.

காசிமாயன் வேலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான். போகலாம் வாப்பா என்று சங்கிலி கூப்பிட்டார். அவன் எழுந்திருக்கப் பார்த்தான். ஊரே தள்ளாடிய நாளெல்லாம் ஒரு அடி பிசகாமல் நின்ற கால்கள் இரண்டும் அவள் போன பக்கமே திரும்பிக் கிடந்தன, அவனுக்கு வரவில்லை. கையை ஊன்றி மறுபடி பார்த்தான், வரவில்லை. சங்கிலி கார்டைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் தோள் கொடுத்து, அவனை வீட்டுக்குத் தூக்கிப்போனார்கள்.